பழைய நீதிமன்றத்தில் ஓவியங்கள்: சிங்கப்பூர் தேசிய கலைக்கூடம், ஒரு விளக்கம்

சிங்கப்பூரில் நகர மண்டப எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி உச்ச நீதிமன்றம் எங்கே என்று கேட்டால் இரண்டு கட்டடங்களைக் காட்டுவார்கள். ஒன்றில் வழக்கு நடக்கிறது. இன்னொன்றில் ஓவியம் தொங்குகிறது. அந்த இரண்டாவது கட்டடமும் பக்கத்திலேயே நிற்கும் பழைய நகர மண்டபமும் சேர்ந்ததுதான் சிங்கப்பூர் தேசிய கலைக்கூடம். 2015 நவம்பர் 24 அன்று பொதுமக்களுக்குத் திறந்தார்கள். கட்டடங்களைச் சீரமைத்து மாற்றியமைக்க ஆன செலவு 53.2 கோடி வெள்ளி. சிங்கப்பூர் டாலரை அங்கே தமிழில் வெள்ளி என்றுதான் சொல்வார்கள்.

இந்தக் கலைக்கூடம் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இரண்டு கேள்விகள் எழுகின்றன. இவ்வளவு பணத்துக்குப் புதுக் கட்டடமே எழுப்பியிருக்கலாமே? சிங்கப்பூரின் தேசியக் கலைக்கூடம் என்றால் அங்கே எதற்கு ஜாவாக்காரர், வியட்நாமியர், பிலிப்பீனியர் வரைந்தவை? இரண்டும் தனித்தனிக் கேள்விகள் போலத் தோன்றும். ஆனால் முதல் கேள்விக்குப் பதில் தெரிந்தால்தான் இரண்டாவதுக்கு முழுப் பதில் கிடைக்கும்.

எந்தக் கூடம் எது?

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம்.

1. சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகம்: ஸ்டாம்ஃபர்ட் சாலையில் உள்ளது. இதன் கட்டடம் 1887இல் ராஃபிள்ஸ் நூலகமும் அரும்பொருளகமுமாகத் திறக்கப்பட்டது. நாட்டின் வரலாறுதான் இதன் பொருள்.

2. சிங்கப்பூர் கலை அரும்பொருளகம்: 1996இல் பிராஸ் பாசா சாலையில், பழைய செயின்ட் ஜோசப்ஸ் பள்ளிக் கட்டடத்தில் தொடங்கியது. இன்று சமகாலக் கலைக்கானது. இதன் கதை கீழே வருகிறது.

3. சிங்கப்பூர் தேசிய கலைக்கூடம்: இந்தக் கட்டுரையின் பொருள். 19ஆம் நூற்றாண்டு முதலான சிங்கப்பூர், தென்கிழக்காசியக் கலை இங்கே இருக்கிறது.

ஆசிய நாகரிக அரும்பொருளகம் ஒரு பழைய அரசு அலுவலகக் கட்டடத்திலும், பெரானாக்கான் அரும்பொருளகம் ஒரு பழைய சீனப் பள்ளியிலும் இயங்குகின்றன. பழைய கட்டடம் காலியானால் அதில் கலையையோ வரலாற்றையோ குடியேற்றுவது சிங்கப்பூருக்குப் பழகிப்போன வழி. தேசிய கலைக்கூடம் அந்த வழியின் மிகப் பெரிய, மிகச் சிக்கலான உதாரணம்.

இரண்டு கட்டடங்கள், பத்தாண்டு இடைவெளி

பாடாங் என்ற திறந்த புல்வெளியைப் பார்த்தபடி இரண்டும் நிற்கின்றன. ஒரே மூச்சில் கட்டியவை போலத் தெரிந்தாலும் அப்படியில்லை.

நகர மண்டபம் 1926க்கும் 1929க்கும் இடையே கட்டப்பட்டது. அப்போது அதன் பெயர் மாநகராட்சிக் கட்டடம். 1951இல் சிங்கப்பூருக்கு நகரத் தகுதி கிடைத்த பிறகுதான் நகர மண்டபம் ஆனது. முகப்பில் மூன்று மாடி உயரத்துக்கு 18 கொரிந்தியத் தூண்கள் வரிசையாக நிற்கும்.

உச்ச நீதிமன்றம் வந்தது அதற்கப்புறம். அங்கே முன்பு கிராண்ட் ஹோட்டல் டி லியூரோப் என்ற ஆடம்பர விடுதி இருந்தது. அதை இடித்துவிட்டு, பொதுப்பணித் துறையின் தலைமைக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் டாரிங்டன் வார்ட் இதை வடிவமைத்தார். 1937 ஏப்ரல் 1 அன்று ஆளுநர் ஷென்டன் தாமஸ் அடிக்கல் நாட்டினார். அந்தக் கல்லுக்கடியில் அன்றைய செய்தித்தாள்களும் நாணயங்களும் வைத்த பேழை ஒன்று இருக்கிறது. 3000ஆம் ஆண்டுவரை அதைத் திறக்கக் கூடாது என்பது ஏற்பாடு. 1939 ஆகஸ்ட் 3 அன்று நீதிமன்றம் திறக்கப்பட்டது. முகப்பின் முக்கோணச் சிற்பத் தொகுதி இத்தாலியச் சிற்பி ருடால்ஃபோ நோல்லியின் கைவண்ணம். நடுவில் நீதிதேவதை; ஒரு பக்கம் சட்டத்திடம் காப்புக் கேட்டு நிற்பவர், மறுபக்கம் நன்றியோடு குனிபவர்.

ஆக, ஆங்கிலேய ஆட்சி தன் சட்டமும் நிர்வாகமும் நிலைத்து நிற்கும் என்று கல்லில் எழுதிக் காட்டிய இரண்டு கட்டடங்கள் இவை. மூன்றே ஆண்டுகளில், 1942இல், சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. 1945 செப்டம்பர் 12 அன்று ஜப்பானியத் தளபதி இதாகாகி, நேச நாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டன் முன்னிலையில் சரணடைவு ஆவணத்தில் கையெழுத்திட்டது இதே மாநகராட்சிக் கட்டடத்தின் மண்டபத்தில். அடுத்த ஆண்டு போர்க்குற்ற விசாரணைகள் பக்கத்து நீதிமன்றத்தில் நடந்தன.

1959 ஜூன் 5 அன்று அதே நகர மண்டப அறையில் பிரதமர் லீ குவான் இயூவின் முதல் அமைச்சரவை பதவியேற்றது. கலாசார அமைச்சராகப் பதவியேற்றவர் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்த எஸ். ராஜரத்தினம். அந்த ஆண்டு டிசம்பர் 3 அன்று கொடி, சின்னம், நாட்டுப்பண் மூன்றும் இதே வளாகத்தில் அறிமுகமாயின. 1966இல் முதல் தேசிய தின அணிவகுப்பு எதிரேயுள்ள பாடாங்கில் நடந்தது.

இந்த வரலாறு வெறும் பின்னணி இல்லை. இந்தக் கட்டடங்களை இடிக்கவோ ஹோட்டலாக்கவோ சிங்கப்பூரால் முடியாமல் போனதற்குக் காரணமே இதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

நினைவுச்சின்னங்களைக் காக்க சிங்கப்பூரில் 1971லேயே தனி வாரியம் அமைக்கப்பட்டது. 1973இல் வெளியான முதல் பட்டியலில் எட்டு இடங்கள். அவற்றில் ஒன்று சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயில். நகர மண்டபமும் உச்ச நீதிமன்றமும் 1992 பிப்ரவரி 14 அன்று தேசிய நினைவுச்சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. எதிரேயுள்ள பாடாங் புல்வெளி 2022இல் 75ஆவது சின்னமாகச் சேர்ந்தது.

கோயிலுக்கும் நீதிமன்றத்துக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே கவனிக்க வேண்டும். மாரியம்மன் கோயில் எதற்காகக் கட்டப்பட்டதோ அதற்காகவே இன்றும் இருக்கிறது. தினமும் பூசை உண்டு, பக்தர்கள் வருகிறார்கள், குடமுழுக்கு வந்தால் கோபுரத்துக்குப் புது வண்ணம் கிடைக்கும். அந்தக் கட்டடத்தைக் காப்பாற்ற யாரும் புதுக் காரணம் தேட வேண்டியதில்லை. நீதிமன்றத்தின் கதை வேறு. வழக்குகள் பெருகி இடம் போதாமல், பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டரின் நிறுவனம் வடிவமைத்த புதுக் கட்டடத்துக்கு 2005இல் அது மாறியது. பழைய கட்டடம் ஒரே நாளில் வேலையில்லாமல் நின்றது. சட்டம் அதை இடிக்க விடாது. ஆனால் அதற்கு ஒரு வாழ்க்கையையும் கொடுக்காது. ஆள் புழங்காத கட்டடம் ஈர நாட்டில் எவ்வளவு வேகமாகப் பாழாகும் என்பது நமக்குத் தெரியும்.

இங்கே மூன்று சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். செய்திகளில் இவை ஒன்றுக்குப் பதில் ஒன்றாக வந்து குழப்புகின்றன.

1. பாதுகாப்பு: இருப்பதை மேலும் கெடாமல் நிறுத்துவது. ஒழுகலை அடைப்பது, பூஞ்சையை நீக்குவது.

2. சீரமைப்பு: கெட்டுப்போனதை, ஆதாரத்தோடு, பழைய நிலைக்குக் கொண்டுவருவது.

3. மறுபயன்பாடு: உடலை வைத்துக்கொண்டு வேலையை மாற்றுவது.

தேசிய கலைக்கூடத்தில் மூன்றுமே நடந்தன. ஆனால் சிக்கல் மூன்றாவதில்தான். நினைவுச்சின்னப் பாதுகாப்புக்கான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம் இதைப் பற்றித் தெளிவாகவே சொல்கிறது: சமூகத்துக்குப் பயன்படும் வேலை ஒன்றைக் கட்டடத்துக்குக் கொடுப்பது நல்லது, ஆனால் அந்த வேலை கட்டடத்தின் அறையமைப்பையும் அலங்காரத்தையும் மாற்றக் கூடாது. படிக்க எளிய விதி. ஒரு நீதிமன்றத்தின் அறையமைப்பை மாற்றாமல் அதற்குள் கலைக்கூடம் நடத்திப் பார்த்தால்தான் அதன் கஷ்டம் தெரியும்.

முடிவும் வடிவமைப்பும்

2005 தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லீ சியன் லூங் இரண்டு கட்டடங்களையும் கலைக்கூடமாக்கலாம் என்ற யோசனையைச் சொன்னார். பிறகு அனைத்துலக வடிவமைப்புப் போட்டி நடந்தது. 2008இல் ஸ்டூடியோமீலூ என்ற நிறுவனம், உள்ளூர் சிபிஜி கன்சல்டன்ட்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து, பணியைப் பெற்றது. அதன் தலைவர் ஜான் ஃபிரான்சுவா மீலூ பிரெஞ்சுக்காரர்.

வென்ற வடிவத்தில் பெரிய புதுக் கட்டடம் எதுவும் இல்லை. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே இருந்த சந்து போன்ற இடத்தைக் கூடமாக்கினார்கள். மேலே கண்ணாடியும் துளையிட்ட உலோகத் தகடுகளும் சேர்ந்த ஒரு கூரை, பிரம்புப் பின்னலை நினைவூட்டும்படி, ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து மற்றதன்மேல் படிகிறது. மூன்றாம், நான்காம் தளங்களில் பாலங்கள். கீழே நிலவறைத் தளம். அவ்வளவுதான் வெளியே தெரியும் புதுமை. மொத்தப் பரப்பு சுமார் 64,000 சதுர மீட்டர்.

பழைய கட்டடத்தைக் கலைக்கூடமாக்கும் வேலையில் என்னென்ன சிக்கல்?

பணம் எங்கே போனது என்பதற்கு விடை இந்தப் பகுதிதான்.

1. கூரையின் பாரம். 1930களின் சுவர்மேல் புதுக் கூரையை ஏற்றி வைக்க முடியாது. அது அந்தப் பாரத்துக்காகக் கட்டப்பட்டதில்லை. அதனால் கிளை விரித்த மரம் போன்ற உலோகத் தூண்கள் கூரையைத் தாங்குகின்றன. பழைய கட்டடத்திலிருந்து புதியதைப் பிரித்து நிறுத்தியதில் இன்னொரு நன்மையும் உண்டு. நாளை யாராவது அதை எடுத்துவிட நினைத்தாலும் பழையதுக்குச் சேதம் குறைவு. மீட்டெடுக்க முடியும்படி மாற்று என்பது இந்தத் தொழிலின் அடிப்படை விதிகளில் ஒன்று.

2. மண். பாடாங் ஒரு காலத்தில் கடற்கரை ஓரம். கடலைத் தூர்த்துத் தூர்த்துத்தான் கரை இன்று தள்ளிப் போயிருக்கிறது. இப்படிப்பட்ட நிலத்தில், நிற்கும் கட்டடத்துக்குப் பக்கத்திலும் அடியிலும் தோண்டி நிலவறைத் தளம் அமைப்பது ஆபத்தான வேலை. மண் சற்றே நகர்ந்தாலும் மேலே பூச்சு வெடிக்கும். இதற்கான வழி, தோண்டுவதற்கு முன்பே ஒல்லியான கான்கிரீட் ஊன்றுகளை ஆழமாக இறக்கி, கட்டடத்தின் எடையைப் பழைய அடித்தளத்திலிருந்து அவற்றுக்கு மாற்றுவது. பிறகு கொஞ்சம் தோண்டுவது, அளப்பது, மறுபடி தோண்டுவது. நேரமும் காசும் இங்கேதான் கரையும்.

3. தரையின் தாங்குதிறன். ஓர் அலுவலகத் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ தாங்கும்படி அமைப்பது வழக்கம். கூட்டம் வரும் காட்சிக்கூடத்துக்கு அதைப்போல ஒன்றரை, இரண்டு மடங்கு வேண்டும். எழுத்தர்கள் உட்கார்ந்த இடத்தில் பள்ளிப் பிள்ளைகள் முப்பது பேர் ஒரு சிலையைச் சுற்றி நிற்கப்போகிறார்கள்.

4. காற்று. இதைத்தான் நான் மிகப் பெரிய சிக்கலாகப் பார்க்கிறேன். அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

பழைய கட்டடக் கலைஞர்கள் வெப்ப நாட்டுக்கு ஏற்றபடிதான் கட்டினார்கள்: உயரமான கூரை, தாழ்வாரம், பெரிய சன்னல்கள், காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும் வழி. கட்டடம் மூச்சுவிட்டது. ஓவியத்துக்கு அந்த மூச்சு ஆகாது. ஈரம் ஏறினால் மரச் சட்டம் விரியும், இறங்கினால் சுருங்கும். மேலேயுள்ள வண்ணப்பூச்சு அதோடு சேர்ந்து அசைய முடியாமல் வெடிக்கும். காற்றின் ஈரப்பதம் 65, 70 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும். சிங்கப்பூரில் வெளியே சராசரியே 80க்கு மேல். எனவே காட்சிக்கூடத்தை மூடி, இருபத்திச் சொச்சம் டிகிரியில், 50 விழுக்காட்டை ஒட்டி, இரவும் பகலும் வைத்திருக்க வேண்டும்.

மூடிக் குளிர்விப்பதோடு வேலை முடிவதில்லை. வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் நீர் கோத்துவிடும். உள்ளே 22 டிகிரி என்றால், சுவரின் உட்பகுதி அந்த எல்லைக்குக் கீழே இருக்கிறது. விரிசல் வழியாக நுழையும் வெளிக்காற்று சுவருக்குள்ளேயே நீராக மாறும். ஐஸ் தண்ணீர்ச் சொம்பின் வெளியே வியர்ப்பதைப் போலத்தான், ஆனால் இங்கே அது யார் கண்ணுக்கும் தெரியாமல் செங்கல்லுக்குள் நடக்கும். உள்ளே இருக்கும் இரும்பு துருப்பிடிக்கும். துரு பருத்துப் பூச்சைத் தள்ளும்.

புதுக் கட்டடமாக இருந்தால் ஈரத்தடுப்பைச் சுவரின் வெளிப்புறத்தில் கொடுத்துவிடலாம். நினைவுச்சின்னத்தின் வெளிப்புறத்தைத் தொட முடியாது. ஆகவே பழைய சுவருக்கு உள்ளே, இடைவெளி விட்டு, இன்னொரு சுவர் எழுப்பி, பெட்டிக்குள் பெட்டியாக அறையை அமைப்பதுதான் இப்படிப்பட்ட இடங்களில் வழக்கமான தீர்வு. ஓவியம் தொங்குவதும் இந்தப் புதுச் சுவரில்தான். பழையதில் ஆணி அடிக்க வேண்டியதில்லை. அலங்காரம் உள்ள அறைகளில் இதையும் செய்ய முடியாது, ஏனென்றால் அங்கே சுவரே காட்சிப்பொருள். அப்படிப்பட்ட அறைகளுக்கு ஈரத்துக்கு அசராத பொருள்களையோ நிகழ்ச்சிகளையோ ஒதுக்குவதுதான் வழி.

5. வெளிச்சம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள். காகிதம், துணி, நீர்வண்ணம் இவற்றுக்கு 50 லக்ஸ், எண்ணெய் வண்ணத்துக்கு 200 லக்ஸ் என்பது பரவலாக ஏற்கப்பட்ட உச்ச அளவு. வெப்ப நாட்டு நண்பகல் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். அதனால்தான் இயற்கை வெளிச்சம் கொட்டும் நடுக்கூடத்தில் ஓவியங்கள் இல்லாமல், மக்கள் நடக்கும் இடமாக விட்டிருக்கிறார்கள்.

எதைத் தொடவில்லை, எதைத் தொட்டார்கள்

முகப்புகளில் உள்ள பூச்சுக்கு ஷாங்காய் பூச்சு என்று பெயர். சிமென்ட்டோடு பொடிக்கல் சில்லுகளைக் கலந்து பூசி, முழுதாக இறுகும் முன்பே மேல்பரப்பைத் தூரிகையால் தேய்த்துக் கழுவுவார்கள். சிமென்ட் பால் போய்ச் சில்லுகள் மேலே தெரியும். நாலடி தள்ளி நின்றால் கருங்கல் என்றே தோன்றும். விரலால் தடவினால் உப்புத்தாள் போல நறநறவென்றிருக்கும். 1920, 30களில் சிங்கப்பூர் முழுக்க இதற்கு மவுசு. இன்று ஒட்டுப்போடுவதுதான் கடினம்: சில்லின் அளவு, நிறம், கலவை விகிதம் மூன்றில் ஒன்று பிசகினாலும் ஒட்டுப்போட்ட இடம் தேமல் போலத் தனித்துத் தெரியும்.

நகர மண்டப அறை, தலைமை நீதிபதியின் அறை, வழக்கு மன்றங்கள் சில, வட்டச் சட்ட நூலகம் ஆகியவை அவற்றின் மர வேலைப்பாடுகளோடு நிற்கின்றன. அந்த வட்ட நூலகத்தின்மேல் உள்ள சிறு குவிமாடம் முன்பு தெருவிலிருந்து கண்ணில் படாது. இப்போது புதுக் கூரைக்கடியில், மாடியில், அதன் அருகிலேயே நடந்து போகலாம். வழக்கு அழைக்கப்படும்வரை குற்றம் சாட்டப்பட்டவர்களை அடைத்து வைத்த அறைகளில் இரண்டை மட்டும் அப்படியே விட்டிருக்கிறார்கள். குறுகலான அறைகள். வெளியே ராதன் சாலே, ஜார்ஜெட் சென் போன்ற ஓவியர்கள் வரைந்தவற்றைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு, இந்தக் கட்டடம் எதற்காகக் கட்டப்பட்டது என்று சொல்ல அந்த இரண்டு அறைகள் போதும். மீதியை எடுத்ததில் எனக்கு வருத்தம்தான். இன்னும் ஓரிரண்டை விட்டிருக்கலாம்.

சிங்கப்பூர்க் கூடத்தில் ஏன் தென்கிழக்காசியா?

இப்போது இரண்டாம் கேள்வி. கலைக்கூடத்தின் நிரந்தரக் காட்சி இரண்டு பகுதி. சிங்கப்பூர்க் கலை நகர மண்டபத்தில். தென்கிழக்காசியக் கலை பழைய உச்ச நீதிமன்றத்தில். தொகுப்பில் 8,000க்கும் மேற்பட்ட படைப்புகள்; பொது நிறுவனம் ஒன்றிடம் உள்ள நவீனத் தென்கிழக்காசியக் கலைத் தொகுப்புகளில் இதுவே உலகில் பெரியது.

சிங்கப்பூரின் நவீனக் கலையை மட்டும் தனியாகப் பிய்த்தெடுத்துக் காட்ட முடியாது என்பதுதான் அடிப்படைக் காரணம். 1938இல் நன்யாங் நுண்கலைக் கழகத்தைத் தொடங்கிய லிம் ஹாக் தாய் சீனாவிலிருந்து வந்தவர். 1952இல் லியு காங், சென் வென் சி, சென் சோங் ஸ்வீ, சியோங் சூ பியெங் என்ற ஓவியர்கள் நால்வரும் இந்தோனேசியாவின் பாலித் தீவுக்குப் போய்வந்த பிறகுதான், சீன முறையையும் மேற்கத்திய முறையையும் கலந்து தென்கிழக்காசிய வாழ்வை வரையும் நன்யாங் பாணி என்று இன்று சொல்வது உருத்திரண்டது. பாலி இல்லாமல் சிங்கப்பூர்க் கலை வரலாறு இல்லை.

மற்ற நாடுகளிலும் இதே கதை. ஹனோயில் 1925இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய இந்தோசீன நுண்கலைப் பள்ளியில்தான் அரக்கு ஓவியமும் பட்டுத்துணி ஓவியமும் நவீன வடிவம் பெற்றன. ஆட்சியாளர் கற்றுக்கொடுத்த முறை, உள்ளூர்ப் பொருள், விடுதலைக் கனவு: இந்த மூன்றின் உரசல் மணிலா, ஜோக்ஜகர்த்தா, ஹனோய், சிங்கப்பூர் எல்லாவற்றுக்கும் பொது.

இரண்டு ஓவியங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

ஜாவாவில் பிறந்து ஐரோப்பாவில் இருபதாண்டுக்கு மேல் வாழ்ந்த ராதன் சாலே 1849இல் வரைந்த காட்டுத்தீ. மூன்று மீட்டர் உயரம், கிட்டத்தட்ட நான்கு மீட்டர் அகலம். தீக்குப் பயந்து ஓடிவந்த விலங்குகள் பாறை விளிம்பில் முட்டி நிற்கின்றன. பின்னால் நெருப்பு, முன்னால் பாதாளம். இதை நெதர்லாந்து மன்னருக்கு அவர் அளித்தார். குடியேற்ற ஆட்சியில் பிறந்த ஒரு மனிதர், ஆளும் நாட்டின் கலைமொழியை அவர்களையே மிஞ்சும்படி பேசிக்காட்டிய படம். அது இன்று இன்னொரு குடியேற்ற ஆட்சி கட்டிய நீதிமன்றத்துக்குள் இருக்கிறது.

நகர மண்டபத்தில் சுவா மியா டீ 1959இல் வரைந்த தேசிய மொழி வகுப்பு. வட்ட மேசையைச் சுற்றிச் சீன இளைஞர்கள் உட்கார்ந்து மலாய் கற்கிறார்கள். கரும்பலகையில் இரண்டே கேள்விகள்: உன் பெயர் என்ன? நீ எங்கே வசிக்கிறாய்? அதே 1959இல்தான் அந்தக் கட்டடத்தின் அறையில் சுயாட்சி அமைச்சரவை பதவியேற்றது. அடையாளம் தேடும் ஒரு நாட்டின் படத்தை அந்த நாடு தொடங்கிய கூரைக்கடியிலேயே மாட்டியிருக்கிறார்கள். எவ்வளவு செலவழித்தாலும் புதுக் கட்டடத்தால் இதைத் தர முடியாது. என் கணிப்பில், 53.2 கோடிக்கான நியாயம் இங்கேதான் இருக்கிறது.

எல்லாக் கலைக்கும் பழைய கட்டடம் பொருந்துமா?

பொருந்தாது. சிங்கப்பூர் கலை அரும்பொருளகமே அதற்குச் சாட்சி.

அது குடியேறிய பள்ளியின் மையக் கட்டடம் 1867ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதுவும் தேசிய நினைவுச்சின்னம். வகுப்பறைகள் காட்சி அறைகளாயின. சட்டமிட்ட ஓவியம் இருந்தவரை எல்லாம் சரி. ஆனால் சமகாலக் கலைஞர்கள் அறை கொள்ளாத அமைப்புகளையும், ஒலியும் இருட்டும் வேண்டும் காணொளிகளையும், கூரையிலிருந்து தொங்கும் பாரங்களையும் கொண்டுவந்தார்கள். வகுப்பறைச் சுவரை இடிக்க முடியாது. கதவை அகலப்படுத்த முடியாது. 2008இல் பக்கத்துத் தெருவில் இன்னொரு பழைய பள்ளியைக் கிளையாகச் சேர்த்தார்கள், அங்கும் வகுப்பறைகள்தான். 2019இல் சீரமைப்புக்காகக் கட்டடம் மூடப்பட்டது. 2022 முதல் அரும்பொருளகம் இயங்குவது தஞ்சோங் பகார் துறைமுகத்தை ஒட்டிய சரக்குக் கிடங்கு ஒன்றில். உயரமான கூரை, லாரி வந்து நிற்கும் வாசல், கொள்கலன்களின் பாரத்தைத் தாங்கிய தரை. சமகாலக் கலைக்கு அழகான பழைய பள்ளியைவிட அழகில்லாத கிடங்கு பொருந்துகிறது.

தேசிய கலைக்கூடம் தப்பித்ததற்குக் காரணம், அதன் தொகுப்பின் பெரும்பகுதி அந்தக் கட்டடங்கள் கட்டப்பட்ட காலத்தை ஒட்டியது. சுவரில் மாட்டும் ஓவியம், மேடையில் நிற்கும் சிலை. அவற்றின் அளவும் 1929, 1939 அறைகளின் அளவும் ஒத்துப்போகின்றன. கட்டடத்தை முதலில் தேர்ந்துவிட்டுக் கலையை அதற்குள் திணிப்பதா, கலையைப் பார்த்துக் கட்டடத்தைத் தேர்வதா என்ற கேள்வியை எங்கும் முதலில் கேட்க வேண்டும்.

குறைகளும் உண்டு. தனித்தனியாகக் கட்டிய இரண்டு கட்டடங்களைப் பாலத்தால் இணைத்ததால் வழி சிக்கலானது. ஒரு காட்சியிலிருந்து அடுத்ததற்குப் போக மாடி ஏறி, பாலம் கடந்து, இறங்க வேண்டியிருக்கும். சிங்கப்பூர்க் கலை, தென்கிழக்காசியக் கலை என்று இரண்டு கட்டடங்களில் பிரித்ததால், ஒன்றோடொன்று பின்னிய வரலாற்றைப் பார்வையாளர்தான் மனத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இது பாதி கட்டடம் திணித்த பிரிவு.

இனி வரும் கேள்வி

பழைய கட்டடத்தை மூடி, ஆண்டு முழுக்க, மணிக்கணக்கின்றிக் குளிர்விப்பதற்கு ஆகும் மின்சாரம்தான் அடுத்த விவாதம். உலகின் பெரிய அருங்காட்சியகங்களின் இயக்குநர்கள் கூடும் பிஸோ குழு, 2014இல் வெளியிட்ட பசுமை நெறிமுறையில், பெரும்பாலான பொருள்களுக்கு 16 முதல் 25 டிகிரி வெப்பமும் 40 முதல் 60 விழுக்காடு ஈரப்பதமும் போதும் என்று வரம்பைத் தளர்த்தியது. ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்பதைவிட இது மின்சாரத்தைக் கணிசமாக மிச்சப்படுத்தும்.

ஈர வெப்ப நாட்டில், நினைவுச்சின்னத்துக்குள் இருக்கும் கலைக்கூடத்துக்கு இதில் இரட்டை லாபம். உள்ளே 22க்குப் பதில் 25 டிகிரி என்றால் மின்கட்டணம் குறைவதோடு, சுவருக்குள் நீர் கோக்கும் வாய்ப்பும் குறைகிறது. நீர் கோக்கும் எல்லை 26 டிகிரி என்று மேலே பார்த்தோம்; 25க்கும் அதற்கும் ஒரு டிகிரிதான் இடைவெளி.

தடை இருப்பது வேறிடத்தில். இரவல் வாங்கும் ஓவியங்களுக்கு, அவற்றின் உரிமையாளர் எழுதித்தரும் நிபந்தனைதான் சட்டம். அரக்கு, பட்டு, மரப்பலகை போன்ற கூச்சமுள்ள பொருள்களுக்கு நெறிமுறையே விலக்கு அளிக்கிறது. இந்தத் தொகுப்பில் அவை கணிசம். எனவே கட்டடம் முழுவதற்கும் ஒரே அளவு வைக்கும் பழக்கத்தை விட்டு, எண்ணெய் வண்ண அறைக்கு ஓர் அளவு, பட்டுக்கு மூடிய கண்ணாடிப் பேழைக்குள் தனி அளவு என்று பிரித்தாக வேண்டும். அதற்குப் புதுக் குழாய்களும், வெப்பத்தையும் ஈரத்தையும் அளக்கும் புது உணர்விகளும் வேண்டும். அவற்றைப் பழைய சுவரைத் தொடாமல் எந்த வழியாகக் கொண்டுபோவது என்பதை மறுபடியும் நினைவுச்சின்ன அதிகாரிகளோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.